மூன்று கிலோ ரைஃபிள், முதல் தோட்டா: இலகுவான வேட்டைத் துப்பாக்கியில் குறி பிசகாமல் சுடுவதற்கான வழிகாட்டி

கடையில் அந்த ரைஃபிளைக் கையில் வாங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரில் அம்மா மிளகாய் இடிக்கும் உலக்கைகூட இதைவிடக் கனம். அதுவரை நான் மலையேற்றியது ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி), சப்ரஸர் (குழல் முனையில் மாட்டும் சத்தக் குறைப்பான்), தோட்டா எல்லாம் சேர்த்து ஐந்து கிலோவைத் தொடும் பழைய ரைஃபிள். புதியதைத் தோளில் மாட்டியபோது முதுகே நன்றி சொன்னது.

பயிற்சிக் களத்தில் 100 மீட்டரில் மூன்று குண்டும் மூன்று சென்டிமீட்டருக்குள் விழுந்தன. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த வாரம் நியூசிலாந்தின் தென் ஆல்ப்ஸ் மலைச்சரிவில், 140 மீட்டர் தூரத்தில் அசையாமல் நின்ற, ‘தார்’ என்ற மலையாடு ஒன்றின் முதுகுக்கு மேலே குண்டு பறந்து போனது. காற்றில்லை. அவசரமில்லை. ரைஃபிளின் முன்கட்டையை ஒரு பாறைமேல் வைத்துச் சுட்டிருந்தேன், அவ்வளவுதான். காரணம் புரிய எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்க ஆனது. அந்தக் குளிர்காலத்தில் கற்றதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் சட்டம். இந்தியாவில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அங்கே பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமே இல்லை. நம் மாநில விலங்கான வரையாடு அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், மிக உயர்ந்த பாதுகாப்பில் இருக்கிறது. நான் பேசுவது அதன் தூரத்து உறவான இமாலயத் தார் பற்றி. வரையாட்டையும் இதையும் ஒரு காலத்தில் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். 1904இல் பெட்ஃபோர்ட் பிரபு இங்கிலாந்திலிருந்து அனுப்பிய சில தார்களை மவுண்ட் குக் அடிவாரத்தில் விட்டார்கள். இங்கே அவற்றைத் தின்ன புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. பெருகி, மலையுச்சிப் புல்லையும் செடிகளையும் மேய்ந்து தீர்த்தன. 1993இல் வந்த கட்டுப்பாட்டுத் திட்டம் அரசு நிலம், தனியார் நிலம் எல்லாம் சேர்த்து 10,000 தார்தான் உச்சவரம்பு என்கிறது. அதனால் இங்கே தார் வேட்டை குற்றமல்ல, ஊக்குவிக்கப்படும் வேலை. ஆனாலும் துப்பாக்கி உரிமம் வேண்டும், வேட்டை அனுமதிச் சீட்டு வேண்டும். நீங்கள் வேறு நாட்டில் இருந்தால் அந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இலகு ரைஃபிள் ஏன் அடம்பிடிக்கிறது

இலகுவான ரைஃபிள் துல்லியமில்லாதது என்று பலர் சொல்வார்கள். பொய். இரும்புக் கவ்வியில் பூட்டிச் சுட்டால் நல்ல இலகு ரைஃபிள் கனமானதோடு போட்டி போடும். வித்தியாசம் சுடுகிறவன் கையில் இருக்கிறது. கனமான ரைஃபிள் நம் தப்பை மன்னிக்கும். இலகுவானது மன்னிக்காது.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். .308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகையில் 150 கிரெய்ன் குண்டு, அதாவது ஏறத்தாழ 9.7 கிராம், நொடிக்கு 860 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. அதோடு மருந்துப் புகையும் முன்னால் பாய்கிறது. இந்த இரண்டின் உந்தத்தையும் ரைஃபிள் பின்னால் வாங்கிக்கொள்ள வேண்டும். 4.5 கிலோ ரைஃபிள் ஏறத்தாழ 16 ஜூல் உதைக்கும். 2.7 கிலோ ரைஃபிள் அதே தோட்டாவுக்கு 27 ஜூல் உதைக்கும். எடை பாதி அளவைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தும், உதை ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடுகிறது.

உதையைவிட முக்கியமான விஷயம் இன்னொன்று. குண்டு குழலின் முனையைத் தாண்டுவதற்கு முன்பே ரைஃபிள் நகரத் தொடங்கிவிடுகிறது. குண்டு குழலுக்குள் இருப்பது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதற்குள் 2.7 கிலோ ரைஃபிள் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் பின்னால் வந்திருக்கும். நேராகப் பின்னால் வந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் குழலின் அச்சு, தோளில் பதியும் இடத்துக்கு மேலே இருப்பதால் முனை மேலே எழும்பப் பார்க்கும். எந்த அளவு எழும்பும் என்பதை முன்கட்டைக்குக் கீழே என்ன இருக்கிறது, தோளில் எவ்வளவு அழுத்தம், கன்னம் எங்கே என்பவை தீர்மானிக்கின்றன. பாறை கெட்டி. அதன்மேல் வைத்த ரைஃபிள் துள்ளும். மணல்மூட்டை மெத்து. அதன்மேல் வைத்தது அமுங்கும். களத்தில் மணல்மூட்டை, மலையில் பாறை. என் தார் ஏன் தப்பியது என்று இப்போது தெரிகிறதா?

ஆக இலகு ரைஃபிளில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பிடிக்க வேண்டும். கீழே வருகிற படிகள் எல்லாம் அந்த ‘ஒரே மாதிரி’க்கான வழிகள்தான்.

படி 1: தோட்டாவில் பேராசை வேண்டாம்

வாங்கும்போதே பாதிப் போர் முடிந்துவிடும். .300 வின்செஸ்டர் மேக்னம் அருமையான தோட்டா. ஆனால் 2.7 கிலோ ரைஃபிளில் அது 50 ஜூலைத் தாண்டும். .308 உதைப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. பத்து தோட்டாவில் உங்கள் தோள் அழும், பதினோராவதில் கண் தானாக மூடும். 7மிமீ-08 ரெமிங்டன் அதே எடை ரைஃபிளில் 24 ஜூல் அளவில் நிற்கும். 6.5 கிரீட்மூர் 21 அளவில். தார், மான், சாமுவா (இதுவும் ஒரு மலையாட்டு வகை) எதற்கும் இவை தாராளம். என் தேர்வு 7மிமீ-08. 1980இல் வந்த தோட்டா, பெரிய பகட்டு இல்லை, சொன்ன வேலையைச் செய்யும்.

ரைஃபிள் விஷயத்தில் இங்கே பலர் கையில் இருப்பது பின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ் லைட். மூன்று கிலோவுக்குள் வரும், ட்ரிகர் நன்றாக இருக்கும். இதைவிட இலகுவானவையும் உண்டு. ஆனால் வெறும் ரைஃபிள் 2.3 கிலோவுக்குக் கீழே போனால் பயிற்சிக்கு இரண்டு மடங்கு நேரம் ஒதுக்கத் தயாராக இருங்கள் என்பது என் கருத்து. எடைக்கணக்கில் ஸ்கோப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ ஸ்கோப்பை 2.3 கிலோ ரைஃபிள்மேல் ஏற்றினால் தலை கனத்து இரண்டு பக்கமும் சாயும். தென்னைமரத்தில் பானையைக் கட்டினாற்போல. 3-லிருந்து 9 மடங்கு அல்லது 2.5-லிருந்து 10 மடங்கு பெருக்கும் சின்ன ஸ்கோப் போதும்.

படி 2: திருகாணிகள், இடைவெளி, ட்ரிகர்

களத்துக்குப் போவதற்கு முன் வீட்டு மேசையில் அரை மணி நேரம் செலவழியுங்கள். துப்பாக்கி காலியா என்று முதலில் பாருங்கள். போல்ட்டை (தோட்டாவை ஏற்றி மூடும் பின்தாழ்) திறந்து கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை உள்ளே விட்டும் பாருங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் அறையிலேயே தோட்டாக்கள் இருக்க வேண்டாம்.

அடிக்கட்டையோடு ரைஃபிளைப் பூட்டும் திருகாணிகளையும் ஸ்கோப் வளையத் திருகாணிகளையும் முறுக்கு அளக்கும் திருப்புளி வைத்து, தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். இலகு ரைஃபிள் அதிகம் உதறுவதால் திருகாணி தளர்வது இங்கேதான் முதலில் நடக்கும். சப்ரஸர் பொருத்தியிருந்தால் அதையும். அரைச் சுற்று தளர்ந்த சப்ரஸர் என்னை ஒரு சனிக்கிழமை முழுக்கப் பைத்தியமாக அடித்திருக்கிறது. ஸ்கோப்பைச் சந்தேகித்தேன், தோட்டாவைச் சந்தேகித்தேன், என் கண்ணையே சந்தேகித்தேன். கடைசியில் துடைக்கலாம் என்று முனையைப் பிடித்தபோது அது கையோடு சுழன்றது.

அப்புறம் ஒரு ரூபாய் நோட்டோ டாலர் நோட்டோ எடுத்து, குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவில் செருகிக் கீழிருந்து மேல்வரை இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வர வேண்டும். வந்ததா? இப்போது முன்கட்டையின் நுனியை மேசைமேல் ஊன்றி, மேலிருந்து லேசாக அழுத்திக்கொண்டு மறுபடி இழுங்கள். விலை மலிவான பிளாஸ்டிக் அடிக்கட்டைகள் இந்த இடத்தில் வளைந்து குழலைத் தொடும். தொட்டால் குண்டு போகும் இடம் மாறும். அப்படியானால் நுனியில் பைபாட் (இருகால் தாங்கி) மாட்டாதீர்கள், தோளில் மாட்டும் வாரை இறுக்கி இழுத்துப் பிடிக்காதீர்கள்.

ட்ரிகர். ரைஃபிள் மூன்று கிலோ, ட்ரிகரை இழுக்க இரண்டு கிலோ விசை வேண்டும் என்றால் என்ன ஆகும்? விரல் ட்ரிகரை இழுப்பதற்குப் பதில் ரைஃபிளையே இழுக்கும். ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. குளிரில் கையுறையோடு சுடுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கலாம். சரிசெய்யத் தெரியாவிட்டால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள். இது யூடியூப் பார்த்துக் கை வைக்கிற இடம் இல்லை.

படி 3: பிடி

இதுதான் உயிர்நாடி. நிதானமாகப் படியுங்கள்.

குப்புறப் படுத்து, முன்னால் முதுகுப்பையை வைத்துச் சுடுவதாக எடுத்துக்கொள்வோம். மலையில் நான் பத்தில் எட்டு முறை இப்படித்தான் சுடுகிறேன். பையைக் குறுக்காக வைத்து, மேலே கைமுட்டியால் ஒரு பள்ளம் செய்யுங்கள். முன்கட்டையின் நுனியை அதில் வைக்காதீர்கள். மேகசினுக்கு (தோட்டா நிரப்பும் பெட்டி) சற்று முன்னால், ரைஃபிள் சமநிலையில் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். நான் அந்த இடத்தில் ஒரு துண்டு துணிநாடா ஒட்டியிருக்கிறேன். அசிங்கமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், இருட்டிலும் விரல் அதைக் கண்டுபிடிக்கும்.

கனமான ரைஃபிளில் பழகியவர்கள் இடதுகையைப் பின்கட்டைக்குக் கீழே கொண்டுபோய், ஒரு சின்னப் பையை அமுக்கிக்கொண்டு சுடுவார்கள். முன்பக்கம் தன்பாட்டில் கிடக்கும். இலகு ரைஃபிளில் அது வேண்டாம். இடதுகையால் முன்கட்டையைப் பிடியுங்கள். கையின் பின்புறம் பைமேல், ரைஃபிள் கைக்குள். அதாவது பைக்கும் ரைஃபிளுக்கும் நடுவில் உங்கள் சதை. பை மெத்தென்று இருந்தாலும் கல்லாக இருந்தாலும், ரைஃபிளுக்குத் தெரிவது எப்போதும் உங்கள் உள்ளங்கைதான். அந்தப் பாறைமேல் நான் இதை மட்டும் செய்திருந்தால் போதும்.

எவ்வளவு இறுக்கம்? தெரிந்தவரோடு கைகுலுக்கும் அளவு. நடுங்கும் அளவுக்கு வேண்டாம், நழுவும் அளவுக்கும் வேண்டாம். பிடித்தபின் கொஞ்சம் பின்னாலும் கீழேயும் இழுங்கள்.

வலதுகையின் கடைசி மூன்று விரல்கள் பிடியைச் சுற்றி ரைஃபிளை நேராகத் தோள்குழிக்குள் இழுக்க வேண்டும். ஆள்காட்டி விரல் இந்த வேலையில் சேராது, அதற்கு வேறு வேலை இருக்கிறது. தோளுக்கும் கட்டைக்கும் இடைவெளி இருந்தால் ரைஃபிள் ஓடிவந்து அறையும். இடைவெளி இல்லாவிட்டால் தள்ளும். அறை வலிக்கும், தள்ளல் வலிக்காது.

உடம்பு ரைஃபிளுக்கு நேர் பின்னால் இருக்கட்டும். பழைய பாணியில் உடம்பைச் சாய்த்து வைத்துக்கொண்டால், உதை ஒரு தோளை மட்டும் பின்னால் தள்ளி ரைஃபிளைப் பக்கவாட்டில் திருப்பும். கன்னத்தைக் கட்டைமேல் வையுங்கள், அழுத்தாதீர்கள். தலையணையில் தலை வைப்பதுபோல, அவ்வளவே. கன்னம் அழுத்தினால் குண்டு பக்கவாட்டில் போகும். என்னுடைய நிரந்தர வியாதி இது.

இப்போது கண்ணை மூடி, ஒரு மூச்சு விட்டு, கண்ணைத் திறங்கள். குறுக்குக்கோடு இலக்கிலேயே இருக்கிறதா? விலகியிருந்தால் கையால் தள்ளிச் சரிசெய்யாதீர்கள். இடுப்பை நகர்த்துங்கள், பையை நகர்த்துங்கள். தசையின் பலத்தில் குறி நிற்கக் கூடாது, எலும்பின் கிடப்பில் நிற்க வேண்டும்.

மூச்சை விட்டபின் வரும் இயல்பான இடைவெளியில் ட்ரிகரை நேர் பின்னால் அழுத்துங்கள். வெடித்ததும் விரலை எடுக்காதீர்கள். ‘ஒன்று’ என்று மனதில் எண்ணும் வரை ட்ரிகர் பின்னாலேயே இருக்கட்டும்.

பிடி சரியா என்று உடனே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஸ்கோப்பை 6 மடங்கில் வைத்துச் சுடுங்கள். உதைக்குப் பிறகு ஸ்கோப்பில் என்ன தெரிகிறது? இலக்கு இன்னும் உள்ளேயே இருந்தால் சபாஷ். வானம் தெரிந்தால் முன்கை பிடிக்கவில்லை. ரைஃபிள் பக்கவாட்டில் ஓடியிருந்தால் பெரும்பாலும் உடம்பு சாய்ந்திருக்கிறது. தாளைப் பார்ப்பதற்கு முன்பே ஸ்கோப் உங்களுக்கு மதிப்பெண் போட்டுவிடும்.

படி 4: கண் மூடும் வியாதி

ஊரிலிருந்து வந்து இரண்டு வருடமான ஒரு கோயம்புத்தூர்த் தம்பிக்கு நான்தான் சுடக் கற்றுக்கொடுத்தேன். ஒரு நாள் களத்தில் நான் சுட்டுக்கொண்டிருக்க, அவன் பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்துத் தயங்கிச் சொன்னான்: “அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. வெடிக்கிறதுக்கு முன்னாடியே நீங்க கண்ண மூடிக்கறீங்க.”

“நானா? போடா.”

“சரிங்ணா. அடுத்த மேகசின நான் நிரப்பித் தரட்டுங்களா?”

நிரப்பிக் கொடுத்தான். நடுவில் எங்கேயோ மருந்தில்லாத டம்மி தோட்டா ஒன்றைச் செருகியிருந்தான். மூன்றாவது தடவை ட்ரிகரை இழுத்தேன், ‘டிக்’ என்றது. வெடிக்கவில்லை. ஆனால் என் தோள் முன்னால் குத்தியது, குழல் முனை ஒரு விரற்கடை கீழே போனது, கண் மூடியது. அவன் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

உதைக்கு உடம்பு முன்கூட்டியே பயந்து செய்கிற வேலை இது. யாருக்கும் வரும். இலகு ரைஃபிளில் சீக்கிரம் வரும். மருந்து மூன்று. ஒன்று, காதுக்கு இரட்டைக் காப்பு: உள்ளே அடைப்பான், மேலே காதுமூடி. பலருக்குப் பயம் உதையைவிடச் சத்தத்தில்தான். இரண்டு, வீட்டில் தினம் பத்து நிமிடம் காலித் துப்பாக்கியில் ட்ரிகர் இழுக்கும் பயிற்சி. உங்கள் ரைஃபிளுக்கு அது ஒத்துவருமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், டம்மி தோட்டா போட்டுக்கொண்டால் கவலையே இல்லை. சுவரில் ஒரு புள்ளி, இழுக்கும்போது குறுக்குக்கோடு அசையக் கூடாது. மூன்று, சின்னத் தோட்டா போடும் .22 ரைஃபிள். உங்கள் வேட்டைத் துப்பாக்கியின் பிடியும் ட்ரிகரும் ஒத்த ஒரு .22 கிடைத்தால் பெரும் பாக்கியம். டிக்கா வைத்திருப்பவர்களுக்கு டி1எக்ஸ் அப்படி ஒன்று. ஒரு பெரிய தோட்டாவின் காசுக்குப் பல .22 சுடலாம், தோளும் தப்பிக்கும்.

சப்ரஸர் நியூசிலாந்தில் சாதாரணம். சத்தமும் குறையும், உதையும் குறையும். முன்னால் கொஞ்சம் எடை கூடுவதால் குழல் அலைபாய்வதும் அடங்கும். ஆனால் அதை மாட்டினால் குண்டு விழும் இடம் மாறும், ஆகவே மாட்டியபடியே ஜீரோ பாருங்கள், அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்யுங்கள். மசில் பிரேக் (புகையைப் பக்கவாட்டில் திருப்பும் குழல்முனைக் கருவி) உதையை நன்றாகக் குறைக்கும், பக்கத்தில் இருப்பவர் காதைப் பழிவாங்கும். எனக்குப் பிடிக்காது.

படி 5: ஜீரோவும், குளிர்ந்த குழலும்

மெல்லிய குழல் சீக்கிரம் சூடாகும். ஐந்தாறு தோட்டா விடாமல் சுட்டால் குழல் சூட்டில் குண்டுகள் பரவத் தொடங்கலாம். அதைப் பார்த்து ஸ்கோப்பைத் திருகாதீர்கள். மூன்று சுடுங்கள், போல்ட்டைத் திறந்து வையுங்கள், குழல் கையில் சுடாத அளவுக்கு ஆறட்டும். அந்த நேரத்தில் .22 சுடுங்கள், டீ குடியுங்கள்.

7மிமீ-08இல் 140 கிரெய்ன் குண்டுக்கு நான் 200 மீட்டரில் ஜீரோ வைத்திருக்கிறேன். 100இல் ஏறத்தாழ 5 செ.மீ. மேலே விழும், 300இல் ஒரு சாண் கீழே. இந்த அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் ரைஃபிளில் தாளில் சுட்டுப் பார்த்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஜீரோ பார்க்கும்போதும் மேசைமேல் மணல்மூட்டை வேண்டாம். முதலில் மேசையில் தோராயமாகச் சரிசெய்துவிட்டு, கடைசி ஜீரோவை முதுகுப்பைமேல், படி 3இல் சொன்ன பிடியில் பாருங்கள். மலையில் எப்படிச் சுடுவீர்களோ அப்படி.

இன்னொரு பழக்கம், இது என் சொந்தச் சரக்கு. ஒரு இலக்குத் தாளைத் தனியாகப் பையில் வைத்திருக்கிறேன். களத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும், ஆறிய குழலில் முதல் குண்டை மட்டும் அதே தாளில், 100 மீட்டரில் சுடுவேன். தேதி எழுதுவேன். தாளைச் சுருட்டி வைத்துவிடுவேன். பத்து நாள் கழித்து அந்தத் தாளில் இருக்கும் பத்து ஓட்டைகள்தான் உண்மையான நான். வேட்டையில் விலங்கு முதல் குண்டுக்குத்தான் நிற்கும், மூன்றாவது குண்டுக்கு இல்லை.

படி 6: களத்தை விட்டு எழுந்து வாருங்கள்

படுத்துச் சுடுவது பழகியபின் உட்கார்ந்து சுடப் பழகுங்கள். தென் ஆல்ப்ஸில் புல் இடுப்பளவு இருக்கும், படுத்தால் புல்தான் தெரியும். நடைக்கம்புகள் இரண்டைக் குறுக்காகக் கட்டி, இடதுகையால் கம்பையும் முன்கட்டையையும் சேர்த்துப் பிடியுங்கள். முழங்கை முழங்காலுக்கு உட்பக்கச் சதையில் ஊன்றட்டும், எலும்போடு எலும்பு வைத்தால் வழுக்கும். முடிந்தால் முதுகுக்குப் பின்னாலோ வலது அக்குளுக்குக் கீழேயோ பையை முட்டுக்கொடுங்கள். இலகு ரைஃபிள் முன்னால் ஆடுவதைவிடப் பின்னால் ஆடுவதே அதிகம் கெடுக்கும். நின்றுகொண்டு எதையும் தாங்காமல் சுடுவதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை, நான் அப்படி விலங்கைச் சுடுவதில்லை.

மலையேறி மூச்சிரைக்கும்போது குறுக்குக்கோடு இதயத்தோடு சேர்ந்து குதிக்கும். களத்திலேயே அதைப் பழகலாம். கார் நிறுத்துமிடம் வரை வெறுங்கையோடு இருமுறை ஓடிவிட்டு வந்து படுத்து, காலித் துப்பாக்கியில் குறி பாருங்கள். எத்தனை மூச்சில் கோடு அடங்குகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். எனக்குப் பதினைந்து. அதனால் மலையில் பதினைந்து எண்ணாமல் விரலை ட்ரிகரில் வைப்பதில்லை.

சரிவில் சுடும்போது மேலே பார்த்தாலும் கீழே பார்த்தாலும் குண்டு நினைத்ததைவிட உயரமாகப் போகும். ஈர்ப்பு வேலை செய்வது கிடைமட்டத் தூரத்துக்குத்தான். 30 டிகிரி சரிவில் 300 மீட்டர் என்று தூரமானி காட்டினால், 260 மீட்டருக்கான குறியை வையுங்கள். பல தூரமானிகள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுக் காட்டும்.

மேல்நோக்கிச் சுடும்போது இன்னொரு ஆபத்து. உடம்பு ஸ்கோப்பை நோக்கி நழுவும், கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடைவெளி குறையும். இலகு ரைஃபிளின் வேகமான உதையில் ஸ்கோப் விளிம்பு புருவத்தைப் பிறைநிலாவாக வெட்டிவிடும். அந்தத் தழும்போடு இங்கே நிறையப் பேர் நடமாடுகிறார்கள். ஸ்கோப்பைப் பொருத்தும்போதே ஒரு விரற்கடை முன்னால் தள்ளிப் பொருத்துங்கள்.

காற்றைப் பற்றி ஒரு வரி. மணிக்கு 15 கி.மீ. குறுக்குக் காற்று, இந்தத் தோட்டாவை 300 மீட்டரில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவாகத் தள்ளும். தாரின் நெஞ்சில் நாம் நம்பிக் குறிவைக்கக்கூடிய வட்டமே ஏறத்தாழ 20 செ.மீ.தான். கணக்குச் சரியாக வராவிட்டால் கிட்டே போங்கள்.

உங்கள் எல்லையைக் கண்டுபிடிப்பது

20 செ.மீ. காகிதத் தட்டு ஒன்றை எடுங்கள், பிறந்தநாள் விருந்தில் கேக் கொடுக்கும் தட்டு. 100 மீட்டரில் வையுங்கள். எழுந்து நின்று, பையை இறக்கி, படுத்து அல்லது உட்கார்ந்து, ஒரு குண்டு. எழுந்திருங்கள். மறுபடி முதலிலிருந்து. ஐந்து முறை. ஐந்தும் தட்டில் இருந்தால் 150க்குப் போங்கள், பிறகு 200. ஒன்று வெளியே போன தூரத்துக்கு முந்தைய தூரம்தான் உங்கள் எல்லை. ரைஃபிளின் எல்லை இல்லை, ஸ்கோப் விளம்பரத்தின் எல்லையும் இல்லை. எனக்கு உட்கார்ந்து 180, படுத்து 280. பக்கத்து வீட்டுக்காரர் 600இல் அடித்ததாகச் சொன்னால் வாழ்த்திவிட்டு நகருங்கள்.

விலங்கின்மேல் குறி வைக்கும் முன் அது எந்த விலங்கு, பின்னால் என்ன இருக்கிறது, அந்தத் திசையில் மனிதர் யாரேனும் இருக்க வாய்ப்புண்டா என்று உறுதிப்படுத்துங்கள். இலக்கைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அடையாளம் காண்பது நியூசிலாந்தின் ஏழு துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகளில் ஒன்று. ஆளைத் தேட ஸ்கோப்பைப் பயன்படுத்தாதீர்கள், அதற்குத்தான் பைனாகுலர். சுடத் தயாராகும் வரை துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் எதுவும் ஏறக் கூடாது.

சுட்டதும் போல்ட்டை உடனே இயக்கி அடுத்த தோட்டாவை ஏற்றுங்கள், முகத்தைக் கட்டையிலிருந்து எடுக்காமல். விலங்கு விழுந்துவிட்டது என்று தோன்றினாலும் ஏற்றுங்கள். அது நின்ற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அடையாளத்தை, வெள்ளைப் பாறையோ முறிந்த செடியோ, மனதில் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கைத் தாண்டிப் போனபின் எல்லாச் சரிவும் ஒரே மாதிரி தெரியும். கிளம்பும் முன் தோட்டா அறையைக் காலி செய்யுங்கள்.

என் இந்த வருடத் தாளில் இதுவரை ஏழு ஓட்டைகள். ஆறு ஒரு தீப்பெட்டிக்குள் அடங்குகின்றன. மே மாதம் சுட்ட ஒன்று மட்டும் வலதுபக்கம் நாலு சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. பக்கத்தில் தேதியும், பென்சிலில் ஒரே ஒரு சொல்லும்: கன்னம்.